பயிற்சி மருத்துவரின் பணிநேரம்: 80 மணி என்ற வரம்பு எதைச் சாதித்தது, எதை விட்டுவிட்டது

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் ஒரு துறையில் தேர்ந்த மருத்துவராக வேண்டுமானால், ஏதேனும் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சில ஆண்டுகள் முழுநேரமாக உழைத்தாக வேண்டும். பொது மருத்துவத்துக்கு 3 ஆண்டு, பொது அறுவைச் சிகிச்சைக்கு 5 ஆண்டு, மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைக்கு 7 ஆண்டு. இங்கிருந்து அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ எழுதிப் போகும் தமிழ் மருத்துவர்கள் சேர்வதும் இந்தப் பயிற்சியில்தான். அந்த ஆண்டுகளில் ஒருவரிடம் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. 4 வாரச் சராசரியாகக் கணக்கிடப்படும் இந்த 80 மணி, ஓர் அலுவலக ஊழியரின் வார வேலையைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய குறைப்பு. அந்தக் குறைப்பு வருவதற்கு 18 வயதுப் பெண் ஒருத்தியின் சாவும் அவளுடைய தகப்பனின் நெடிய போராட்டமும் தேவைப்பட்டன.

விதி வந்த பின்னர் நடந்த ஆய்வுகள், பலரும் எதிர்பார்த்ததைக் காட்டவில்லை. மருத்துவர்களை அதிக நேரம் தூங்கவிட்டால் நோயாளிகளுக்கு நேரும் தீங்கு தானாகக் குறைந்துவிடும் என்று நம்பியவர்களும், குறைத்தால் பயிற்சியே பாழாகிவிடும் என்று அஞ்சியவர்களும், இருசாராருமே தங்கள் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஓய்வை மணிக்கணக்கால் மட்டும் அளந்து, ஒருவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், ஒரு நோயாளி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு எப்படி மாறுகிறார், தடுமாறும் மருத்துவர் யாரிடம் உதவி கேட்க முடியும் என்பவற்றை அப்படியே விட்டுவிட்டால், ஒருவரிடமிருந்து எடுத்த சுமை இன்னொருவர் தலையில் போய் இறங்குகிறது. இந்தியாவிலும் பயிற்சி மருத்துவர்களுக்கான வார வரம்பு பேசப்பட்டுவரும் இந்த நேரத்தில், அமெரிக்காவின் அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

மருத்துவமனையிலேயே தங்கிப் பயிற்சி பெறும் முறை, பால்டிமோர் நகரில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருப்பெற்றது. அங்கே மருத்துவத் துறைக்கு வில்லியம் ஆஸ்லரும் அறுவைச் சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட்டும் தலைமை தாங்கினார்கள். பயிற்சி பெறுவோர் மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார்கள். திருமணம், குடும்பம், தனி வாழ்க்கை எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன. படிப்படியாகப் பொறுப்பை ஏற்றிக்கொண்டே போய், நோயின் போக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கண்ணாலேயே பார்த்தவன்தான் மருத்துவனாவான் என்பது அதன் அடிப்படை. இந்தக் கருத்தில் உண்மை இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அன்றைய வார்டு வேறு. நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கினார்கள். செயற்கைச் சுவாசக் கருவியோ, நுண்ணுயிர்க் கொல்லி மருந்தோ, மணிக்கொரு தடவை திருத்த வேண்டிய மருந்துக் கணக்கோ கிடையாது. இரவு பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தது. 1980-களில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகி, நோயாளிகள் சில நாட்களிலேயே வந்து போகத் தொடங்கியபோது, ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் செய்ய வேண்டிய வேலை பன்மடங்காகிவிட்டது. பணிநேர ஏற்பாடு மட்டும் ஹால்ஸ்டெட் காலத்திலேயே நின்றிருந்தது.

1984 மார்ச் 4-ஆம் தேதி இரவு, லிபி சயான் என்ற கல்லூரி மாணவி காய்ச்சலோடும் உடல் உதறலோடும் நியூயார்க் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். அவர் ஏற்கெனவே ஃபினல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டு வந்தவர். உதறலைக் கட்டுப்படுத்த அவருக்கு மெப்பெரிடின் ஊசி போடப்பட்டது. இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது இன்று மருத்துவ மாணவர் எவருக்கும் பாடம். அன்று அது பரவலாகத் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு அவரைக் கவனிக்கும் பொறுப்பு முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் ஒருவரிடமும் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர் ஒருவரிடமும் இருந்தது. முதலாண்டு மருத்துவருக்கு வேறு பல வார்டு நோயாளிகளும் இருந்தனர். மூத்த மருத்துவர் தொலைபேசியில்தான் இருந்தார். பெண்ணின் அலைக்கழிப்பு கூடியபோது அவரைக் கட்டிலோடு கட்டிவைக்கவும் இன்னொரு மருந்து போடவும் முதலாண்டு மருத்துவர் தொலைபேசியிலேயே உத்தரவு சொன்னார். விடியும் நேரத்தில் காய்ச்சல் 107 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போயிருந்தது. சற்று நேரத்தில் அவர் இறந்துபோனார்.

தகப்பன் சிட்னி சயான் வழக்கறிஞராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். மகளின் சாவைத் தனிமனிதத் தவறாக மட்டும் பார்க்காமல், ஓய்வில்லாத, மேற்பார்வையில்லாத ஒரு பயிற்சி முறையின் விளைவாகப் பார்க்கச் சொல்லி அவர் எழுதினார், வழக்காடினார். சாவுக்கான துல்லியமான காரணம் குறித்த சர்ச்சை பின்னர் நெடுங்காலம் நீடித்தது. ஆனால் 1986-இல் விசாரணை ஜூரி மருத்துவர்கள் மீது குற்றச்சாட்டு எதுவும் பதியாமல், பயிற்சி முறையையே கடுமையாக விமர்சித்தது. அதன் விளைவாக பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைப்படி 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்ற வரம்புகளைச் சட்டமாக்கியது. மூத்த மருத்துவர் எந்நேரமும் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. பெல் அழுத்தமாக வலியுறுத்தியது இந்த மேற்பார்வையைத்தான். பொதுமக்கள் நினைவில் தங்கியதோ 80 என்ற எண். அன்று தொடங்கிய இந்தச் சாய்வு பிறகும் நீங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சட்டம் வந்ததாலேயே வழக்கம் மாறிவிடவில்லை. 1998-இல் மாநிலச் சுகாதாரத் துறை முன்னறிவிப்பின்றி மருத்துவமனைகளைச் சோதித்தபோது விதிமீறல் பரவலாகவே இருந்தது. நாடு முழுவதற்குமான விதி 2003 ஜூலையில்தான் வந்தது. பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பான ஏசிஜிஎம்இ, வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி, அதற்கு மேல் நோயாளிகளை ஒப்படைக்க 6 மணி, 7 நாட்களில் ஒரு நாள் விடுமுறை என்று வகுத்தது. 2011-இல் முதலாண்டு மருத்துவர்களுக்கு மட்டும் தொடர்பணியை 16 மணியாகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதைவிட வெகுதூரம் போய், 2009-க்குள் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை இளநிலை மருத்துவர்களுக்கும் விரித்தது.

வரம்புக்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது கலந்தவரின் திறனுக்கு ஒப்பாகக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2004-இல் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் தலைமையிலான குழு, பாஸ்டன் நகரின் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் முதலாண்டு மருத்துவர்களை இரண்டு விதப் பணிநேரங்களில் நேரடியாகக் கூடவே இருந்து கவனித்தது. பழைய நீண்ட பணிநேரத்தில் கடுமையான தவறுகள் 36 விழுக்காடு அதிகம். நோயைக் கண்டறிவதில் நேரும் கடுமையான தவறுகளோ 5 மடங்குக்கும் மேல். தீங்கு நோயாளிகளோடு நிற்கவும் இல்லை. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பணி முடிந்து காரோட்டி வீடு திரும்பும் முதலாண்டு மருத்துவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று 2005-இல் வந்த மற்றோர் ஆய்வு சொன்னது.

இத்தோடு விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2016-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், 117 அறுவைச் சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அப்போதைய கண்டிப்பான விதியையும் மறுபகுதிக்கு 80 மணிக்குள் தளர்வான ஏற்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் இறப்பிலோ கடும் சிக்கல்களிலோ வேறுபாடு தெரியவில்லை. 63 பொது மருத்துவத் திட்டங்களில் நடந்த இன்னொரு சோதனையும் ஏறக்குறைய இதையே சொன்னது. அறுவைச் சிகிச்சை பயில்வோரில் பலர் தளர்வையே விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு: மாலையில் தான் சேர்த்த நோயாளி நள்ளிரவில் மோசமாகும்போது, கடிகாரத்தைப் பார்த்து அவரை இன்னொருவரிடம் விட்டுப் போவது அவர்களுக்குப் பெரிய மனவேதனையாக இருந்தது. 2017-இல் ஏசிஜிஎம்இ 16 மணி வரம்பைக் கைவிட்டு, முதலாண்டு மருத்துவருக்கும் 24 மணியோடு ஒப்படைப்புக்கு 4 மணி என்று மாற்றியது.

இந்த முடிவுகளை வைத்துத் தூக்கம் முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. ஏன் என்பதை லாண்ட்ரிகனே 2020-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு தெளிவாக்கியது. இந்த முழு விவகாரத்திலும் மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட வேண்டியது அதுவே என்பது என் கருத்து. குழந்தைகளுக்கான 6 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 24 மணிக்கு மேற்பட்ட பணிகளை எடுத்துவிட்டு, 16 மணிக்குள் அடங்கும் பகல் இரவுப் பணிகளை அமைத்தார்கள். 2004-இன் முடிவு மீண்டும் வரும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் குறுகிய பணிநேரத்தில் கடுமையான தவறுகள் குறைவதற்குப் பதில் கூடின. தூங்கியவர்கள் ஏன் அதிகம் தவறினார்கள்? ஆய்வாளர்கள் எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. பணிநேரத்தைக் குறைத்த மருத்துவமனைகளில் பல அதற்கு ஏற்பக் கூடுதல் ஆட்களை நியமிக்கவில்லை. இருந்தவர்களையே பல துண்டுகளாகப் பிரித்து அட்டவணை போட்டன. அதனால் ஒரே நேரத்தில் வார்டில் நிற்பவர் எண்ணிக்கை குறைந்து, ஒருவர் பொறுப்பில் இருந்த நோயாளிகளின் சராசரி 6.7-இலிருந்து 8.8-ஆக ஏறிவிட்டது. இந்தச் சுமை வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும், குறுகிய பணிநேரத்தின் மீது விழுந்த பழி மறைந்துபோனது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதலாக இரண்டு குழந்தைகள் என்றால் என்ன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் எடைக்கேற்ற மருந்துக் கணக்கு, சுவாசக் கருவியின் அளவுகள், மணிக்கணக்கில் மாறும் உப்புச் சத்து அளவுகள், கட்டிலருகே அழுதுகொண்டு நிற்கும் தாய் கேட்கும் கேள்விகள் எல்லாம் கூடவே வருகின்றன. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தவருக்கும் இரண்டு கைதான். ஓய்வைக் கொடுத்துவிட்டு, அந்த ஓய்வுக்கு ஈடான ஆளைக் கொடுக்காமல் விட்டால், ஓய்வின் பலனைச் சுமை தின்றுவிடுகிறது.

குறுகிய பணிநேரத்தின் இன்னொரு விலை, கைமாற்றம். ஒரு நாளில் இரண்டு முறை மருத்துவர் மாறினால், ஒவ்வொரு நோயாளியைப் பற்றிய செய்தியும் இரண்டு முறை கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது சிந்திப்போகலாம். மாலை ஏழு மணிக்கு ஒரு வார்டில் பகல் மருத்துவர் இரவு மருத்துவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். "12-ஆம் படுக்கை பரவாயில்லை, ஒரு பொட்டாசியம் ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது, வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒருவர் கிளம்பலாம். அதையே இப்படியும் சொல்லலாம்: "12-ஆம் படுக்கையில் இருப்பவரைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 60 வயது, சிறுநீரகக் கோளாறு, நாலு மணிக்குப் பொட்டாசியம் 5.8. மருந்து கொடுத்திருக்கிறோம். ஒன்பது மணிக்கு மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும்; எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஆறைத் தாண்டினால் உடனே ஈசிஜி எடுங்கள், கால்சியம் குளுக்கோனேட் போடுங்கள், சிறுநீரகப் பிரிவு டாக்டரைக் கூப்பிடுங்கள்." கேட்டவர் அதைத் தன் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்கிறார். முதல் வகைப் பேச்சில், ரிப்போர்ட் வரும்போது இரவு மருத்துவர் வேறொரு நோயாளியிடம் சிக்கியிருந்தால், 12-ஆம் படுக்கைக்காரரின் இதயம் தடுமாறத் தொடங்கும்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். இரண்டாவது வகைக்குக் கூடுதலாக அரை நிமிடம்தான் ஆகும்.

நோயின் கடுமை, நோயாளியைப் பற்றிய சுருக்கம், செய்ய வேண்டியவை, எது நடந்தால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது என்ற இந்த ஐந்து படிகளையும் வரிசைப்படுத்தி ஐ-பாஸ் என்ற பெயரில் ஒரு முறையாக்கி, 9 குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 10,740 நோயாளிச் சேர்க்கைகளை ஆராய்ந்த அந்தச் சோதனையின் முடிவு 2014-இல் வெளிவந்தது. மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடு, தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடு குறைந்தன. ஒப்படைப்புக்கு ஆகும் நேரம் கூடவில்லை. இந்த ஆய்வுக் குழுவிலும் லாண்ட்ரிகன் இருந்தார். பணிநேரத்தை ஆராயத் தொடங்கிய ஒருவர் ஒப்படைப்பையும் அடுத்து நோயாளிச் சுமையையும் ஆராய நேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசைகின்றன. ஐ-பாஸ் முறைக்குப் புதிய கருவியோ பெரிய செலவோ தேவையில்லை; தேவைப்பட்டது ஒப்படைப்பையும் ஒரு திறனாக மதித்துச் சொல்லிக்கொடுப்பதும், மூத்தவர்கள் அருகிலிருந்து கவனித்துத் திருத்துவதும்தான். ஊசி போடவும் தையல் போடவும் கற்றுக்கொடுத்த பயிற்சி, நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்க அதுவரை முறையாகக் கற்றுக்கொடுத்ததில்லை.

பயிற்சி மருத்துவர்கள் விட்டுப்போன மணி நேரங்களை யார் நிரப்பினார்கள் என்ற கேள்வி, ஹாஸ்பிடலிஸ்ட் என்ற புதிய மருத்துவரிடம் கொண்டுபோய்விடுகிறது. ராபர்ட் வாக்டரும் லீ கோல்ட்மனும் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பெயரைப் பரப்பியது. அதற்கு முன் ஒருவரின் குடும்ப மருத்துவரே காலையில் மருத்துவமனைக்கு வந்து பார்த்துவிட்டுத் தன் கிளினிக்குக்குப் போய்விடுவார். ஹாஸ்பிடலிஸ்ட்டுக்கு வெளியே கிளினிக் இல்லை. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளைப் பார்ப்பதே முழுநேர வேலை. 20 ஆண்டுகளுக்குள் இவர்கள் எண்ணிக்கை 50,000-ஐ எட்டியது. பெல் குழு கேட்ட மேற்பார்வை, வார்டிலேயே இருக்கும் மூத்த மருத்துவர் என்ற வடிவில், பல மருத்துவமனைகளுக்கு இவர்கள் மூலமாகத்தான் வந்துசேர்ந்தது. ஆனால் இவர்களும் சுமைக்குத் தப்பவில்லை. 7 நாள் வேலை, 7 நாள் விடுமுறை என்று பல இடங்களில் அமைந்த அட்டவணையில், அந்த வேலை நாட்களில் ஒருவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை நிர்வாகங்கள் ஏற்றிக்கொண்டே போயின. 2014-இல் வந்த ஓர் ஆய்வில், எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டும்போது நோயாளிகள் தங்கும் நாட்களும் செலவும் கூடுவது தெரிந்தது. ஆள் குறைத்துச் சேமிப்பதாக நினைத்த பணம் வேறு வழியில் வெளியே போனது.

இதோடு கணினி வேலையையும் சேர்க்க வேண்டும். பால்டிமோர் நகரின் இரண்டு மருத்துவமனைகளில் முதலாண்டு மருத்துவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் நேரத்தில் 12 விழுக்காடுதான் நோயாளியோடு நேரடியாகக் கழிந்தது. 40 விழுக்காடு கணினி முன் போனது. கட்டிலருகே நின்று கற்க வேண்டும் என்று ஆஸ்லர் தொடங்கிய ஊரிலேயே இந்த நிலை. பணிநேரம் குறைந்தபோது பதிவு வேலை குறையவில்லை; ஆகவே சுருங்கியது நோயாளியோடு இருக்கும் நேரம்தான். இளம் மருத்துவர்களை மனத்தளவில் வற்றச் செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நோயாளியிடம் இருப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள், அங்கே இருக்க முடியாமல் போகும்போது உழைப்பின் பொருளையே இழக்கிறார்கள்.

பணிச்சோர்வு என்று இன்று எல்லோரும் பேசுவதை உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் அளவிடக்கூடிய ஒன்றாக வகுத்தார். உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்த வேலையில் பயன் இருந்ததாகவே தோன்றாமல் போவது ஆகிய மூன்றும் அதன் கூறுகள். இவற்றுள் இரண்டாவது, ஓர் இரவு தூங்கி எழுந்தால் போய்விடும் களைப்பு அல்ல. அமெரிக்க மருத்துவர்களிடையே தொடர்ச்சியாக நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், இதன் அறிகுறி ஏதேனும் ஒன்றாவது இருந்தவர்கள் 2011-இல் 45.5 விழுக்காடு, கொரோனாவின் இரண்டாம் ஆண்டான 2021-இல் 62.8 விழுக்காடு. முதலாண்டுப் பயிற்சியில் சேர்வதற்கு முன்பும் பின்பும் அதே மருத்துவர்களைக் கேட்டறிந்த ஓர் ஆய்வு, மனச்சோர்வு நோயின் அறிகுறி உள்ளவர்கள் 3.9 விழுக்காட்டிலிருந்து 25.7 விழுக்காடாக உயர்ந்ததை 2010-இல் பதிவு செய்தது. நலமாக உள்ளே வந்தவர்கள் அவர்கள். அவர்களை நோயாளிகளாக்கியது அந்த ஓராண்டு.

மருத்துவமனைகள் இதற்கு முதலில் கொடுத்த மருந்து யோகாவும் தியான வகுப்பும் மனவுறுதிப் பயிற்சியும். அவற்றால் சிறிது பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2017-இல் பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, தனிமனிதரைத் திருத்தும் முயற்சிகளைவிட, பணி ஏற்பாட்டையே மாற்றும் முயற்சிகள் கூடுதல் பயன் தந்தன. 30 மணி நேரம் நின்றுவிட்டு வருபவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதில், சோர்வுக்கான பொறுப்பையும் அவர் தலையிலேயே வைத்துவிடும் அநியாயம் ஒளிந்திருக்கிறது.

உதவி கேட்பதற்கே அச்சம் இருந்தது என்பது இதைவிடக் கொடுமையானது. பல மாநிலங்களில் மருத்துவ உரிமத்துக்கான விண்ணப்பத்தில், எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்கப்பட்டது. உண்மையைச் சொன்னால் உரிமம் தடைப்படுமோ என்ற பயத்தில் மருத்துவர்கள் சிகிச்சையே எடுக்காமல் இருந்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவின் முதல் அலையில் நியூயார்க்கில் அவசரப் பிரிவை நடத்திவந்த மருத்துவர் லோர்னா பிரீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி தேடியது தெரிந்தால் தொழிலை இழந்துவிடுவோம் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் வெளிப்படையாகப் பேசினார்கள். 2022 மார்ச்சில் அவர் பெயரால் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரின் மனநலத்துக்கான திட்டங்களுக்கு நிதி கிடைத்தது. அதன் தொடர்ச்சியாகப் பல மாநிலங்கள் அந்தக் கேள்வியை நீக்கின அல்லது, இப்போது பணி செய்யும் திறனைப் பாதிக்கும் நோய் உண்டா என்று மட்டும் கேட்கும்படி மாற்றின. ஒரு படிவத்தில் ஒரு வரியை மாற்றுவதற்கு இவ்வளவு காலம் எடுத்தது வேதனைக்குரியது.

இந்தியாவில் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொடர்பணி 12 மணியைத் தாண்டக் கூடாது, இளநிலை உறைவிட மருத்துவர்கள், அதாவது பட்டமேற்படிப்புப் பயிற்சியில் இருப்பவர்கள், சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி வேலை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 1992-லேயே வகுத்திருக்கிறது. அமெரிக்காவின் நாடளாவிய விதிக்கு 11 ஆண்டு முந்தையது இது. எண்ணைப் பார்த்தால் அதைவிடக் கருணையுள்ளதும்கூட. ஆனால் அதில் "சாதாரணமாக" என்ற சொல் இருக்கிறது. யார் கணக்கு எடுப்பது, மீறினால் என்ன என்பவை இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட பட்டமேற்படிப்பு விதிகளோ எண்ணையே சொல்லாமல், நியாயமான பணிநேரமும் போதிய ஓய்வும், வாரம் ஒரு விடுமுறையும் என்று நிறுத்திக்கொண்டன. 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர், 36 மணி நேரப் பணியின் இடையே கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தபோது கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஓய்வறை என்ற ஒன்று முறையாக இருப்பதே பாதுகாப்பின் முதல் படி என்பதை நாடு அப்போது பேசியது. அதே மாதத்தில் ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி என்ற உச்சவரம்பையும் வாரம் ஒரு நாள் விடுமுறையையும் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த 74 எப்படிப் பொருந்தும் என்பதை, ஒரு துறையின் மருத்துவர்கள் சில குழுக்களாகப் பிரிந்து முறைவைத்து நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் யூனிட் முறையைத் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள். ஒரு யூனிட்டின் அட்மிஷன் நாளில், அன்று காலை முதல் மறுநாள் காலை வரை அந்தத் துறைக்கு வரும் நோயாளிகள் எல்லோரும் அதே யூனிட்டில்தான் சேர்கிறார்கள். படுக்கை இல்லை என்று திருப்பியனுப்புவது அரசு மருத்துவமனையின் வழக்கமல்ல. தரையில் பாய் விரித்தாவது இடம் கொடுக்கிறார்கள். அது இந்த அமைப்பின் பெருமை. மறுநாள் காலை யூனிட் தலைவரான சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் புதிய கேஸ் ஷீட்டுகள் எல்லாம் எழுதி முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு ஸ்கேனுக்கும் இரத்த வங்கிக்கும் அலைச்சல், ஓபி அல்லது ஆபரேஷன் தியேட்டர். இரவு முழுவதும் விழித்த பிஜி (பட்டமேற்படிப்பு) மருத்துவர் மறுநாள் மாலைவரை நிற்பதற்குக் காரணம் எவருடைய கெட்ட எண்ணமும் அல்ல. அவருக்குப் பதிலாக அங்கே நிற்க வேறு ஆள் இல்லை. இந்த நிலையில் 74 என்று ஓர் ஆணை மட்டும் வந்தால், 2020 ஆய்வில் கண்டது இங்கேயும் நடக்கும்: அட்டவணையில் மணி குறையும், வார்டில் ஆள் குறையும், நின்றிருப்பவர் பார்க்க வேண்டிய படுக்கைகள் கூடும். அல்லது அட்டவணை ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருக்கும்.

ஆகவே வரம்போடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உண்டு. இரத்த மாதிரியைக் கொண்டுபோவது, ஸ்கேன் தேதி வாங்குவது, ரிப்போர்ட்டைத் தேடிப் பிடிப்பது ஆகியவற்றுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. இந்த வேலைகளுக்குத் தனி ஊழியர்களை நியமித்தாலே பிஜி மருத்துவர் ஒருவருக்கு நாளுக்குப் பல மணி நேரம் மிச்சமாகும். அட்மிஷன் இரவு முடிந்த மறுநாள் நண்பகலுக்குள் வீடு அனுப்புவதைக் கட்டாயமாக்கி, அன்றைய ஓபியை உதவிப் பேராசிரியர்கள் பொறுப்பில் விடலாம். அதற்கு அந்தப் பணியிடங்கள் காலியாகக் கிடக்காமல் நிரப்பப்பட வேண்டும். ஒப்படைப்பை வார்டு நடுவில் அவசரமாகச் செய்யாமல், எழுதிய தாளோடு, மூத்தவர் ஒருவர் முன்னிலையில் செய்யும் பழக்கத்தை நாளைக்கே தொடங்கலாம். அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. ஆணையம் கல்லூரிகளை ஆய்வு செய்யும்போது படுக்கை எண்ணிக்கையையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் சரிபார்க்கிறது. பயிற்சி மருத்துவர் வேலை செய்த மணியையும், இரவில் ஒருவர் பொறுப்பில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் அதே பட்டியலில் சேர்த்து, துறைத் தலைவரைக் கேட்காமல் பயிற்சி மருத்துவர்களையே, பெயர் வெளியிடாமல், நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்தால், 1992 முதல் தாளில் கிடக்கும் விதிக்கு முதன்முறையாக ஒரு கணக்குக் கிடைக்கும்.